முதலில் அந்த கிரவுண்ட் வயரைக் கழற்றுங்க!

காட்டூர் பக்கத்து மீனவர் பழவேற்காட்டு முகத்துவாரம் தாண்டிப் போகும்போது, படகில் வி.எச்.எஃப் ரேடியோ இருந்தால் ஆபத்துக்குக் கூப்பிட வேண்டியது சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். அந்த ரேடியோ ரிப்பேருக்கு வந்தால்? "200 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் இருக்கே, போதும்" என்பவர்கள்தான் அதிகம். போதாது!

10X ப்ரோபில் 10 மெகா ஓம் என்று போட்டிருக்கும். அது டி.சி.க்கு. முனையில் உள்ள சுமார் 10 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ், 156.8 மெகாஹெர்ட்ஸில் வெறும் 100 ஓம் தான். தொட்டாலே சர்க்யூட் மாறிவிடும்! அதைவிட மோசம் கூடவே தொங்கும் கிரவுண்ட் வயர். 10 செ.மீ. வயருக்கு ஏறக்குறைய 100 நானோஹென்றி இண்டக்டன்ஸ். இரண்டும் சேர்ந்தால் ரெசனன்ஸ் 160 மெகாஹெர்ட்ஸ் அருகே, சேனல் 16-க்குப் பக்கத்து வீடு! திரையில் தெரிவது ரேடியோவின் சிக்னலா, வயரின் கூத்தா? கெட்டுப்போன ரேடியோ 'நல்லா இருக்கு' என்று படகுக்கே திரும்பிப் போய்விடும்.

லேப்களில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை வைத்து ப்ரோப் திருகைத் திருகியதோடு பாடம் முடிந்துவிடுகிறது. ப்ரோபோடு வரும் சின்ன கிரவுண்ட் ஸ்பிரிங் பெட்டியிலேயே தூங்குகிறது. அதை மாட்டினால் கிரவுண்ட் பாதை 1 செ.மீ. அளவுக்குக் குறையும். இன்னும் நல்ல வழி: 50 ஓம் கோஆக்ஸ், நுனியில் 450 ஓம் ரெசிஸ்டர், ஸ்கோப்பில் 50 ஓம் டெர்மினேஷன். அதுவும் 10X தான்... (25 வாட் அவுட்புட்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள், ரெசிஸ்டர் கருகும்.)