டாலருக்கு அட்டை, கூலிக்கு முகாம்



கரடியூர்த் தோட்டத் தொழிலாளர் கணக்குகளைப் பார்க்கும் வங்கிக் குமாஸ்தா நான். வம்சாவளிக்கும் இங்கே கணக்கு உண்டு.

இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஆனால் பூட்டன் இந்தியன் என்று காட்டினால் போதும், அமெரிக்கப் பிரஜைக்கு வெளிநாட்டு இந்தியர் அட்டை, வாழ்நாள் விசா. ஓட்டு இல்லை.

சேலம், திருச்சிச் சீமைகளிலிருந்து கங்காணி பிடித்துப்போன நம் சேரிச் சனத்துக்கும் பூட்டன் இந்தியன்தானே? 1948இல் இலங்கை அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்று மந்தை பிரித்தார்கள். சனத்தை யார் கேட்டது?

1983 கலவரத்துக்குத் தப்பி வந்த மலையகத் தமிழரை முகாமில் அடைத்தார்கள். கடவுச்சீட்டு இல்லாதவர்களின் குடியுரிமை மனுவுக்கே 2003 திருத்தம் கதவடைத்தது. 2019 திருத்தத்தில் இலங்கையின் பெயரே இல்லை.

அவர்களுக்குரிய குடியுரிமை இந்த நாட்டின் பழைய பாக்கி. வசூலிக்காமல் விடலாமா?