திருவிழா கமிட்டிக்கு ஒரு ராணுவப் பாடம்

சர்ச்சுக்கு ராணுவப் பயிற்சியான்னு சிரிக்காதீங்க. நம்ம திருமானூர் பக்கத்து ஏலாக்குறிச்சியே அதுக்குச் சாட்சி. சின்ன த்ரெட்.

அங்கே பணியாற்றிய வீரமாமுனிவர் இயேசு சபைத் துறவி. அந்தச் சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் ஒரு போர்வீரர். 1521-ல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை உடைத்தது. எலும்பு கோணலாகச் சேர்ந்ததால், மயக்க மருந்தே இல்லாத காலத்தில் திரும்ப உடைத்துச் சேர்த்தார்கள். (இதைப் படிச்சாலே எனக்கு வியர்க்கும்.) 1540-ல் சபைக்குப் போப்பின் அங்கீகாரம் கிடைத்தது.

எனக்குப் பிடித்தது வேறு. வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' என்று உபதேசியார்களுக்காக ஒரு நூல் எழுதினார். சாமியார் ஒரு கிராமத்துக்கு எப்போதாவதுதான் வர முடியும். மற்ற நாளெல்லாம் சபையைத் தாங்குவது உபதேசியார்தான். தலைவர் இல்லாத நேரத்திலும் வேலை நிற்காதபடி இரண்டாம் வரிசையைத் தயார் செய்வது, ராணுவம் செய்கிற அதே வேலை.

இன்னைக்கு? சாமியார் மாற்றலாகிப் போனா, பீரோ சாவி யார்கிட்டங்கிறதே தகராறு.

ஒரு திருவிழா மருத்துவ முகாமில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். தேர் வரும்போது ஒரு அம்மா மயங்கி விழுந்தார். மைக்கில் மூணு பேர் மூணு விதமா அறிவிச்சாங்க. 108 வந்துடுச்சு; கடைகளுக்கு நடுவே வழி இல்லை. கமிட்டியில் இருபது பேர். வழி ஒதுக்குவது யார் பொறுப்புன்னு ஒருத்தருக்கும் தெரியல. அம்மா பிழைத்துக்கொண்டார். மறுநாள் கமிட்டி கூடியது, வரவு செலவு பார்க்க மட்டும்.

அமெரிக்க ராணுவம் 1970-களில் ஒரு வழக்கம் கொண்டுவந்தது. பயிற்சி முடிந்ததும் உட்கார்ந்து பேசணும்: என்ன திட்டம், என்ன நடந்தது, ஏன்? அதில் சாதாரண சிப்பாயும் வாய் திறக்கலாம். டேராடூன் ராணுவ அகாடமியில் அதிகாரிகளுக்குச் சொல்லித்தருவது இன்னொன்று: நாடு முதலில், உன் ஆட்கள் அடுத்து, உன் வசதி கடைசியில். நம்ம அன்னதானத்தில் கமிட்டிக்குத்தான் முதல் பந்தி!

எடுக்கக் கூடாததும் ஒன்று உண்டு. பிணம் போலக் கீழ்ப்படியச் சொன்னவர் இஞ்ஞாசியார். அது துறவி தானாக ஏற்ற வார்த்தைப்பாடு. கணக்குக் கேட்கிற சபையாரிடம் அதை நீட்ட முடியாது. கேட்டவனைக் கலகக்காரன்னு ஒதுக்கினால் அது ராணுவ ஒழுங்கு இல்லை, வெறும் அதிகாரம்.

ஓய்வுபெற்ற ராணுவத்தினர் நம்ம ஊர்ப்பக்கமும் இருக்காங்க. கொடியேற்றத்துக்கு முன்னாடி ஒருநாள் கமிட்டியோடு உட்கார வையுங்க. முகாமுக்கு நான் வர்றேன். ஆம்புலன்ஸ் வழியை மட்டும் முதல்ல காட்டிடுங்க.