கழித்ததைக் காட்டுங்கள்

போர்டில் எந்தச் சாதனம் எந்த இன்டரப்ட் எண்ணில் பிராசஸரைக் கூப்பிடும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு டிவைஸ் ட்ரீ. பேரன் மூன்று நாளாக அதோடு மல்லுக்கட்டினான். 'மேனுவலைச் சரியாகப் படி' என்றார்களாம் சீனியர்கள். படித்துத்தானே ஐயா எழுதினான்!

ஜின்க் 7000 சிப்பில், நாமே அமைக்கும் சர்க்யூட்டின் முதல் இன்டரப்ட்டுக்கு மேனுவலில் எண் 61. கோப்பிலோ 29 என்று எழுத வேண்டும். முதல் 32 எண்கள் கோர்களின் சொந்தக் காரியத்துக்காம், அதனால் கழித்துவிடுகிறார்கள். பையன் 61 என்றே எழுதினான். ஒரு பிழைச் செய்தி கிடையாது. டிரைவர் சமர்த்தாக ஏறியது. இன்டரப்ட் எண்ணிக்கை மட்டும் சைபரிலேயே நின்றது.

பிரெஞ்சில் படித்த எனக்கு, எண்ணுக்குள் கணக்கு இருப்பது புதிதல்ல. 99 என்றால் நாலு இருபது, பத்து, ஒன்பது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்கிறார்களே! இங்கே விழுங்கிவிடுகிறார்கள். பிடித்தம் காட்டாமல் நிகரத் தொகை மட்டும் போட்ட சம்பளப் பில்லை எந்த ஆபீசில் பாஸ் செய்வார்கள்?

மாதிரிக் கோப்பு எழுதும் நிபுணர்களே, (61 - 32) என்று அடைப்புக்குறிக்குள் எழுதினால் கம்பைலரே கழித்துக்கொள்ளும். உங்கள் '0 29 4'-இல் முதல் 0, பொது இன்டரப்ட். கடைசி 4, சிக்னல் உயர்ந்து நிற்கும்வரை. அதுவே 1 என்றால் உயரும் கணத்தில் மட்டும். இரண்டுக்கும் கெர்னலின் ஹெடர் கோப்புகளில் பெயர்களே இருக்கின்றன. அவற்றை எழுத உங்களுக்கு என்ன கை வலிக்கிறது?