கல்யாணப் படத்தில் யார் பெயர்?

கல்யாண வீட்டில் மணமக்களைவிட அதிக நேரம் காலில் நிற்பவர் படம் எடுப்பவர்தான். விடியற்காலையில் ஈசூனிலோ உட்லண்ட்சிலோ ஒரு வீவக வீட்டில் மணப்பெண்ணுக்குப் பூ வைக்கும்போது தொடங்குகிறது அவருடைய நாள். பிறகு சிராங்கூன் சாலைக் கோயிலில் முகூர்த்தம், பந்தி, கெர்பாவ் சாலையில் இருக்கும் அந்தப் பல வண்ண டான் டெங் நியா வீட்டின் முன்னால் மணமக்களை வெயிலில் நிறுத்தி நாலு படம், இரவு ஹோட்டலில் விருந்து. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு அவருக்கு ஒரு தட்டு வரும். சில வீடுகளில் அதுவும் வராது.

அவ்வளவு பாடுபட்டு எடுத்த படங்கள் சில வாரம் கழித்து வீட்டுக்கு வந்து சேரும்போதுதான் வம்பு தொடங்குகிறது. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, மகள் கல்யாணப் படங்களைக் கைபேசியில் காட்டிப் பொருமித் தீர்த்துவிட்டார். “நீங்களே பாருங்க தம்பி. தாலி கட்டுற படம். தாலி எங்க இருக்குன்னு தேட வேண்டியிருக்கு, இவரு கம்பெனி பேரு மட்டும் பளிச்சுன்னு தெரியுது. நாம காசு கொடுக்காமலா எடுத்தோம்?”

இதே கேள்வியை இத்தொழிலில் இருக்கும் ஒரு நண்பரிடம் போட்டேன். அவர் பதிலும் தயாராக இருந்தது. “அண்ணே, எங்களுக்குப் பத்திரிகையில விளம்பரம் போடக் காசு கிடையாது. ஒரு கல்யாணப் படத்தை இன்ஸ்டகிராம்ல பார்த்துத்தான் அடுத்த கல்யாணம் வருது. பேரைப் போடுங்கன்னா யாரும் போட மாட்டாங்க. அதான் நாங்களே போட்டுக்கிறோம்.”

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், இருவருமே சட்டம் மாறிவிட்டதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பதிப்புரிமை எடுக்கச் சொன்னவருக்கே போகும். “காசு கொடுத்தோமே” என்ற அம்மாவின் வாதம் அன்றைக்குச் சரியாக இருந்திருக்கும். 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த புதிய சட்டம் அதைத் திருப்பிப் போட்டது. இப்போது ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் பதிப்புரிமை படம் எடுத்தவருக்கு. அதோடு இன்னொன்றும் வந்தது: படத்தைப் பொதுவெளியில் பயன்படுத்துகிறவர், எடுத்தவர் பெயரைத் தெளிவாக, கண்ணில் படும்படி குறிப்பிட வேண்டும். சமூக ஊடகத்தில் எல்லாரும் பார்க்கும்படி போடுவதும் இதில் அடங்கும்.

நண்பர் எதற்காகப் படத்தின் மேல் தன் பெயரை எழுதுகிறாரோ, அதைச் சட்டமே அவருக்குக் கொடுத்துவிட்டது. படத்துக்குக் கீழே ஒரு வரி போதும். அந்த வரியை எழுத நமக்கு எவ்வளவு நேரமாகும்? சேலை எங்கே வாங்கியது, முகஒப்பனை யார், மேடை அலங்காரம் யார் என்று பட்டியலே போடுகிறோம். படம் எடுத்தவர் பெயர்தான் விட்டுப்போகிறது.

வாட்டர்மார்க்குக்கு உரிய இடம் ஒன்று உண்டு. தேர்வுக்காக முதலில் அனுப்பும் மாதிரிப் படங்கள். மீதிப் பணம் வருவதற்கு முன்னால் அறுநூறு படங்களையும் சுத்தமாகக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலைந்தவர்கள் இங்கே பலர். அந்தக் கட்டத்தில் படத்தின் குறுக்கே எவ்வளவு பெரிதாக எழுதினாலும் நான் தவறு சொல்ல மாட்டேன். பணம் கட்டி முடித்த பிறகு கைக்கு வரும் படத்திலும் அதே எழுத்து இருந்தால்தான் கோளாறு. தையல்காரர் சட்டையின் கழுத்துப் பட்டைக்குள்ளே பெயர் தைப்பார், நெஞ்சில் தைக்க மாட்டார்.

திருட்டைத் தடுக்க என்கிறார்களே, அதுவும் பழைய கதையாகிவிட்டது. ஒரே குறியை ஒரே மாதிரி நிறையப் படங்களில் போட்டால், கணினியே அந்தக் குறியைத் தனியே பிரித்தறிந்து நீக்கிவிடும் என்று கூகள் ஆய்வாளர்கள் 2017லேயே காட்டினார்கள். ஒரு கல்யாணத் தொகுப்பு அதற்கு அளவெடுத்துச் செய்தது போன்றது. இன்று கைபேசிச் செயலியே அந்த வேலையைச் செய்கிறது. பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதிதான். கெட்டி இமேஜஸ் நிறுவனம் 2023இல் ஸ்டெபிலிட்டி ஏஐ மீது வழக்குப் போட்டபோது, செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களில் தன் வாட்டர்மார்க் சிதைந்த வடிவில் தெரிவதையே எடுத்துக் காட்டியது. எடுப்பவர்கள் குறியோடு சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள்! (வாட்டர்மார்க் போன்ற உரிமை விவரத்தை வேண்டுமென்றே அழிப்பதற்கு எதிராகவும் நம் சட்டத்தில் இடமுண்டு. ஆனால், சித்தப்பா மகன் அழித்ததற்கு யார் வழக்கறிஞரைத் தேடிப் போவார்கள்?)

பழைய படப்பிடிப்பு நிலையங்கள் இதை அழகாகச் செய்தன. 1867இல் சிங்கப்பூரில் கடை திறந்த ஜி.ஆர். லாம்பர்ட் நிறுவனம், படம் ஒட்டிய அட்டையில் தன் பெயரை அச்சிட்டுக் கொடுத்தது. நம் வீட்டுச் சுவர்களில் தொங்கிய தாத்தா பாட்டி படங்களிலும் அட்டையின் கீழ் மூலையில் நிலையத்தின் பெயரும் ஊரும் புடைத்த எழுத்தில் இருக்கும், விரலால் தடவினால் தெரியும். முகத்தைத் தொடாத பெயர். எந்த ஊரில் தாத்தா அப்போது இருந்தார் என்பதைப் பல குடும்பங்கள் அந்த எழுத்தை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கின்றன. ஹில் ஸ்திரீட்டில் இருந்த லீ பிரதர்ஸ் நிலையத்தின் கண்ணாடித் தகடுகள் 2,000க்கும் மேல் இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றில் இருப்பவர்களில் பெரும்பாலோர் யாரென்று தெரியாது. எடுத்த நிலையத்தின் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

ஆனால், இன்றைய வாட்டர்மார்க் உண்மையில் யார் பெயரைச் சொல்கிறது? பெரிய கல்யாணம் என்றால் இரண்டு மூன்று பேர் படமெடுப்பார்கள். அதில் ஒருவர், நாள் கூலிக்கு வந்த இருபத்து மூன்று வயதுத் தம்பியாக இருப்பார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அந்த ஒரு கணத்தைப் பிடித்தவர் அவராகவே இருக்கலாம். படத்தின் மேல் பொன்னெழுத்தில் ஜொலிப்பது நிறுவனத்தின் பெயர். தம்பி அதைத் தன் பெயர் சொல்லிக் காட்டக்கூட அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. பெயர் குறிப்பிடப்படும் உரிமையைச் சட்டம் படைத்தவருக்குத்தான் தருகிறது. அவர் ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்திருந்தால் கதை வேறு. வாடிக்கையாளர் பெயர் போடுவதில்லை என்று குறைப்படும் நிறுவனங்கள் முதலில் இந்தத் தம்பியின் பெயரைப் போடட்டும்.

கடைசியாக, எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை வந்ததற்கான காரணம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் புளோக்கில் ஒரு பெரியவர் மாலையில் காலமானார். மறுநாள் மண்டாயில் தகனம். மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்: அப்பா ஒழுங்காகச் சிரித்து, வேட்டி சட்டையில் நிமிர்ந்து நின்ற ஒரே படம் மகள் கல்யாணத்தில் எடுத்தது. அதில் அவருடைய இடது தோளின் மேல் நிறுவனத்தின் பெயரும் ஓர் இதயச் சின்னமும். எடுத்தவர் தொழிலை விட்டுவிட்டார், எண் வேலை செய்யவில்லை. இரவு பதினொரு மணிக்கு உறவுக்காரப் பையன் ஒருவன் செயலியில் அழித்துக் கொடுத்தான். எழுத்து போனது, தோளும் சற்றுக் கரைந்து சரிந்தது. அந்த அம்மா படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, “தோள் அவரு தோள் மாதிரி இல்லையே” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கல்யாணப் படம் எடுக்கிறவர் கல்யாணத்தை மட்டும் எடுக்கவில்லை.

அதனால், முன்பணம் கட்டும் நாளிலேயே பேசிவிடுங்கள். எத்தனை படம், எத்தனை ஆயிரம் வெள்ளி என்று பேசும்போதே, இறுதிப் படங்களில் எழுத்து இருக்குமா என்று கேளுங்கள். நீங்கள் பொதுவெளியில் போடும்போது எந்தப் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்றும், உங்கள் மகள் படத்தை அவர் தன் விளம்பரத்தில் போடலாமா கூடாதா என்றும் கேளுங்கள். இதெல்லாம் ஒரு பக்கத் தாளில் அடங்கும். படக் கோப்புக்குள்ளேயே எடுத்தவர் பெயரைப் பதிய முடியும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது பெரும்பாலும் உதிர்ந்துவிடும், ஆகவே மூலக் கோப்பை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சில நிறுவனங்கள் ஓராண்டில் அழித்துவிடுகின்றன. எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.