வேகம் மண்ணில் விளைவதில்லை

தெற்கு ஃபுளோரிடாவில் ஓக்கிசோபி ஏரிக்கரையோரம் பெல் கிளேட், பஹோக்கி என்று இரண்டு சிற்றூர்கள். கறுத்துப் பொலபொலத்த மண். கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு. வெட்டுக்கு முன் தோகையைப் போக்க வயலுக்குத் தீ வைப்பார்கள். தீக்குப் பயந்து முயல்கள் வெளியே பாயும். ஊர்ப் பையன்கள் அவற்றைத் துரத்திப் பிடித்துச் சில டாலருக்கு விற்பார்கள். ஃப்ரெட் டெய்லர், சான்டோனியோ ஹோம்ஸ், ஆன்குவான் போல்டின், ரிக்கி ஜாக்சன் என்று தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தில் பேர் வாங்கிய பலர் இந்த இரண்டு ஊர்க்காரர்கள். தொலைக்காட்சிக்காரர்கள் முயலையும் இந்த வீரர்களையும் முடிச்சுப்போட்டு ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்கள்: முயலைத் துரத்தித் துரத்தி வந்த வேகம் அது, அந்தக் கறுப்பு மண்ணின் வாகு.

முயல் பொய்யில்லை, தீயும் பொய்யில்லை. அவற்றிலிருந்து எடுக்கிற முடிவுதான் பொய். அந்தப் பொய்க்கு எதிராகவே இதை எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தைப் பின்தொடர்கிறவர்களிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும், இதே நம்பிக்கை வேறு வேறு உருவில் வந்து விழும். தெற்கத்திப் பையன் பிறவியிலேயே வேகமானவன். வடக்கே பனியில் வளர்ந்தவன் கனமாக இருப்பான், ஓடமாட்டான். அதனால்தான் கல்லூரி கோச்சுகள் டெக்சாஸுக்கும் ஜார்ஜியாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் படையெடுத்து, பள்ளிப் பையன்களின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அம்மாவிடமும் பாட்டியிடமும் பேசி ஸ்காலர்ஷிப் கொடுத்து அழைத்துப்போகிறார்கள். ஆதாரம் கேட்டால் ஒரு கணக்கையும் காட்டுவார்கள். தென்கிழக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான சௌத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸின் அணிகள் 2006 முதல் 2012 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து தேசியப் பட்டத்தை வென்றன. மக்கள்தொகைக்கு வகுத்துப் பார்த்தாலும் லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா ஆகிய மாநிலங்கள்தாம் தொழில்முறை ஆட்டத்துக்கு அதிகம் பேரை அனுப்புகின்றன.

அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. எண்ணிக்கை உண்மை. அதற்கு மண்ணையும் ரத்தத்தையும் காரணம் காட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

மண்தான் காரணம் என்றால் அந்த மண் நூறு வருடத்துக்கு முன்னாலும் அங்கேதான் கிடந்தது. இந்த ஆட்டத்தின் முதல் கல்லூரிப் போட்டி 1869இல் நியூஜெர்சியில் ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்தது. அதற்குப் பின் அரை நூற்றாண்டுக் காலம் யேல், ஹார்வர்ட், பிரின்ஸ்டன் என்று வடகிழக்குக் கல்லூரிகள்தாம் ஆட்டத்தின் எஜமானர்கள். தெற்கத்தி அணியை யாரும் பொருட்டாக நினைக்கவில்லை. 1926 புத்தாண்டு நாளில் கலிஃபோர்னியாவின் ரோஸ் பவுல் போட்டியில் முதன்முறையாக ஒரு தெற்கத்தி அணி ஆடியது. அலபாமா போனது, வாஷிங்டனை 20-19 என்று தோற்கடித்தது, நாடே வியந்தது. தெற்கத்தியானுக்கு இந்த ஆட்டம் வராது என்று அன்று நம்பியவர்கள், அவனுக்குப் பிறவியிலேயே வரும் என்று இன்று நம்புகிறவர்களைப் போலவே உறுதியோடு நம்பினார்கள்.

மேற்குப் பென்சில்வேனியாவைப் பாருங்கள். ஜானி யுனைடஸ், ஜோ நேமத், ஜோ மொன்டானா, டான் மரினோ, ஜிம் கெல்லி. ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில் சரித்திரம் படைத்த இந்த ஐவரும் பிட்ஸ்பர்க்கிலும் அதைச் சுற்றிய ஆலை, சுரங்க ஊர்களிலும் வளர்ந்தவர்கள். அப்போதும் ஒரு கதை இருந்தது. சுரங்கக்காரன் பிள்ளை, இரும்பு உருக்குகிறவன் பிள்ளை, அவன் எலும்பே வேறு என்றார்கள். பிறகு எண்பதுகளில் உருக்காலைகள் மூடின. மைக் டிட்கா, டோனி டார்செட் வளர்ந்த அலிக்விப்பாவில் 1930இல் 27 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். 2020இல் பத்தாயிரம் பேர்கூட இல்லை. எலும்பா மாறியது? வேலை போயிற்று, வேலையைத் தேடிக் குடும்பங்களும் போயின. 1950இல் பென்சில்வேனியாவில் 1 கோடியே 5 லட்சம் பேர், டெக்சாஸில் 77 லட்சம், ஃபுளோரிடாவில் 28 லட்சம். 2020இல் பென்சில்வேனியாவில் 1 கோடியே 30 லட்சம், டெக்சாஸில் 2 கோடியே 91 லட்சம், ஃபுளோரிடாவில் 2 கோடியே 15 லட்சம். ‘திறமை தெற்கே போய்விட்டது’ என்கிற பேச்சில் பாதி, ஜனங்கள் தெற்கே போனார்கள் என்பதுதான்.

மீதிப் பாதியில் முக்கியமானதைத் தெற்குப் பெருமை பேசுகிறவர்கள் வாயே திறந்து சொல்வதில்லை. அறுபதுகளின் நடுப்பகுதிவரை சௌத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸில் ஒரு கறுப்பினப் பையன்கூடக் கால்பந்து ஆடியதில்லை. ஆடத் தெரியாமல் அல்ல, விடாததால். 1967 செப்டம்பரில் கென்டக்கியின் நேட் நார்த்திங்டன் களமிறங்கியதுதான் முதல் முறை. அதுவரை அந்தப் பையன்கள் எங்கே போனார்கள்? லூசியானாவில் கிராம்ப்ளிங் போன்ற கறுப்பினக் கல்லூரிகளுக்குப் போனார்கள். அங்கே எடி ராபின்சன் என்ற கோச் 1941 முதல் 1997 வரை பணியாற்றி 408 வெற்றிகள் கண்டார். இன்னும் சிலர் ரயிலும் பஸ்ஸும் ஏறி வடக்கே போனார்கள். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கோச் டஃபி டாகர்ட்டி அவர்களை வரவேற்றார். டெக்சாஸின் போமான்ட்டிலிருந்து பப்பா ஸ்மித் வந்தார். தென் கரோலினாவிலிருந்து ஜார்ஜ் வெப்ஸ்டர், டெக்சாஸின் லா போர்ட்டிலிருந்து ஜீன் வாஷிங்டன், வட கரோலினாவிலிருந்து குவார்ட்டர்பேக் ஜிம்மி ரே. 1966இல் அந்த அணி ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. நோட்ர டேமுடன் 10-10 என்று சமனில் முடிந்த அவர்களது ஆட்டத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அடுத்த ஆண்டு தொழில்முறை அணிகள் ஆளெடுத்தபோது முதல் எட்டு இடங்களில் நான்கு மிச்சிகன் ஸ்டேட் வீரர்களுக்குப் போயின. அந்த நால்வரில் மூவர் தெற்கில் பிறந்தவர்கள்.

அந்த வருடம் ஒருவர் வரைபடத்தை விரித்து ‘திறமை எங்கே இருக்கிறது’ என்று குறித்திருந்தால் பனி கொட்டும் மிச்சிகனில்தான் குறித்திருப்பார். தெற்கின் கதவுகள் திறந்த பிறகு வரைபடம் மாறியது. 1970இல் பர்மிங்ஹாமில் வந்து ஆடிய சதர்ன் கலிஃபோர்னியா அணி அலபாமாவை 42-21 என்று நொறுக்கியது. அந்த அணியின் கறுப்பின வீரர் சாம் கன்னிங்ஹாம் 135 யார்டு ஓடினார். அன்றைக்குத்தான் அலபாமாவின் மனம் மாறியது என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவர் அந்த ஆட்டத்துக்கு முன்பே ஸ்காலர்ஷிப்பில் அங்கே சேர்ந்திருந்தார். முதலாண்டு மாணவர் என்பதால் ஆட முடியவில்லை. எப்படியானாலும், இன்று ‘தெற்கின் வேகம்’ என்று கொண்டாடப்படுவதில் பெரும்பங்கு, அதே தெற்கு தன் வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுடையது. இதை மறைத்துவிட்டு மண்ணின் வாகு என்று பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொரு காரணம் பணமும் நேரமும். டெக்சாஸின் பள்ளிகளில் கால்பந்து மாலைநேரப் பொழுதுபோக்கு அல்ல. விளையாட்டுக்கென்று பள்ளி நேரத்திலேயே ஒரு பீரியட் ஒதுக்குகிறார்கள். பெரிய பள்ளிகளில் வசந்தகாலப் பயிற்சி தனி. தலைமை கோச்சுகளில் பலருக்கு ஆண்டுச் சம்பளம் ஒரு லட்சம் டாலருக்கு மேல். டல்லாஸுக்கு வடக்கே ஆலன் என்ற ஊரில் ஒரே ஒரு பள்ளிக்காக 6 கோடி டாலரில் 18,000 பேர் உட்காரும் மைதானத்தை 2012இல் திறந்தார்கள். வடக்கே பல ஊர்களில் கோச் என்பவர் கணக்கோ சரித்திரமோ நடத்தும் ஆசிரியர். கால்பந்துக்குச் சிறு படி கிடைக்கும். நவம்பரில் பனி விழுந்ததும் மினசோட்டாவின் துடிப்பான பையன்கள் ஐஸ் ஹாக்கிக்குப் போய்விடுவார்கள். வருடம் முழுக்க ஆடுகிறவனையும் நாலு மாதம் ஆடுகிறவனையும் பதினேழு வயதில் பக்கத்தில் நிறுத்தி, முன்னவனுக்கு இது பிறவியிலேயே வந்தது என்று சொல்வது என்ன நியாயம்? ஜார்ஜியாவின் கோச் கர்பி ஸ்மார்ட்டுக்கு 2024 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 1 கோடியே 30 லட்சம் டாலர் சம்பளம். தானாக விளைவதை வளர்க்க யாரும் இவ்வளவு கொடுக்கமாட்டார்கள்.

பிறகு, யார் கண் எங்கே போகிறது என்ற விஷயம். கல்லூரிகள் ஆளெடுக்கும் ரெக்ரூட்டிங்கில் பையன்களுக்கு ஸ்டார் போடும் நிறுவனங்கள் இருக்கின்றன; ஐந்து ஸ்டார் வாங்கினவனைத் தேடிப் பெரிய பல்கலைக்கழகங்கள் வரிசையில் நிற்கும். ஸ்டார் போடுகிறவர் எங்கே போவார்? பையன்கள் கூட்டமாகக் கிடைக்கும் ஹூஸ்டன், அட்லான்டா, மயாமி முகாம்களுக்குத்தான். பெரிய கல்லூரிகள் யாரை அழைத்தன என்று பார்த்து ஸ்டார் கூடுவதும் உண்டு. கோச் ஸ்டாரைப் பார்க்கிறார், ஸ்டார் போடுகிறவர் கோச்சைப் பார்க்கிறார். இருவரும் பார்க்காத ஊரில் பிறந்த பையன் என்ன ஆவான்?

விஸ்கான்சினின் ஜே.ஜே. வாட் இரண்டு ஸ்டார் வாங்கியவர். அதிகம் பேசப்படாத கல்லூரி ஒன்றில் ஆடிவிட்டு, ஸ்காலர்ஷிப் இல்லாமலே விஸ்கான்சின் பல்கலைக்கழக அணிக்கு வந்தார். இடையில் பீட்சா டெலிவரிகூடச் செய்தார். பிறகு மூன்று முறை தொழில்முறை ஆட்டத்தின் சிறந்த தற்காப்பு வீரர் ஆனார். கார்சன் வென்ட்ஸ் நார்த் டகோட்டாவின் பிஸ்மார்க்கில் வளர்ந்தவர். ட்ரே லான்ஸ் மினசோட்டாவின் மார்ஷலில் வளர்ந்தவர். இருவரும் கடுங்குளிர் ஊரான ஃபார்கோவில் நார்த் டகோட்டா ஸ்டேட்டுக்கு ஆடி, தொழில்முறை அணிகளின் ஆளெடுப்பில் ஒருவர் 2016இல் இரண்டாவது ஆளாகவும் மற்றவர் 2021இல் மூன்றாவது ஆளாகவும் தேர்வானார்கள். ஜாஷ் ஆலன் கலிஃபோர்னியாக்காரர்தான், ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் அல்ல; ஃபயர்பா என்ற விவசாய ஊர். பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய கல்லூரியும் கூப்பிடவில்லை. இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் ஆடிக்கொண்டே நாடெங்கும் உள்ள கோச்சுகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் அனுப்பினார். கடைசியில் கைகொடுத்தது வயோமிங். 2024இல் அவர் தொழில்முறை ஆட்டத்தின் மிகச் சிறந்த வீரர். இவர்கள் நமக்குத் தெரிந்தவர்கள். ஆயிரம் மின்னஞ்சல் எழுதாதவர்கள் யார் யார் என்று யாருக்கும் தெரியாது.

இந்த நம்பிக்கை கவனிப்பாரற்ற வடக்கத்திப் பையனுக்கு மட்டும் தீங்கு செய்கிறது என்று நினைக்க வேண்டாம். அது புகழ்கிற தெற்கத்திப் பையனுக்கு இன்னும் பெரிய தீங்கு. வாட்டின் கதையைச் சொல்லும்போது ‘உழைப்பு’ என்கிறார்கள். பெல் கிளேட் பையனின் கதையைச் சொல்லும்போது ‘பிறவி’ என்கிறார்கள். அவனும் விடியற்காலையில் எழுந்தவன்தான். வெக்கையில் வாந்தியெடுக்கும்வரை ஓடியவன்தான். எதிரணி எப்படி நிற்கிறது என்று இரவெல்லாம் வீடியோ பார்த்து மனப்பாடம் செய்தவன்தான். அத்தனையையும் பிடுங்கி மண்ணுக்குக் கொடுத்துவிட்டால் அவனுக்கு மிஞ்சுவது இரண்டு கால்கள் மட்டும். கறுப்பின வீரர்களுக்கு ஓட வரும், யோசிக்க வராது என்று குவார்ட்டர்பேக் இடத்தைப் பல காலம் மறுத்ததும் இதே பேச்சின் வழியாகத்தான். வாரன் மூன் 1978 ரோஸ் பவுலின் சிறந்த வீரர். அப்படியிருந்தும் அந்த ஆண்டு ஒரு தொழில்முறை அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் ஆறு ஆண்டுகள் ஆடிவிட்டுத்தான் திரும்ப முடிந்தது.

முயலைப் பிடித்த பையன் வேகத்துக்காகப் பிடிக்கவில்லை. வீட்டில் காசில்லை, பிடித்தான். அதே ஏரிக்கரையில் கரும்பு எரியும் மாதங்களில் வானத்திலிருந்து கரி உதிர்கிறது. ஊரார் அதைக் ‘கறுப்புப் பனி’ என்கிறார்கள். துணி காயப்போட முடியாது, குழந்தைகளுக்கு மூச்சிரைக்கிறது என்று அவர்கள் பல காலமாக முறையிட்டு வருகிறார்கள். காற்று கிழக்கே கடற்கரையின் வசதியான ஊர்களை நோக்கி வீசினால் எரிக்கக் கட்டுப்பாடு உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. பெல் கிளேடை நோக்கி வீசினால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பயிற்சி முடிந்து பையன்கள் மூச்சு வாங்கி நிற்கும் மைதானமும் அங்கேதான் இருக்கிறது.