960 பிக்சல் பெட்டியும் ஒரு பிராயச்சித்தமும்

"ரெஸ்பான்ஸிவ் வெப் டிசைன்" பற்றி எங்கள் வகுப்பில் செமினார் எடுத்தவர்கள் எல்லாருமே முதல் ஸ்லைடில் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். ஆதியில் கம்ப்யூட்டர் மட்டும் இருந்ததாம். தளங்கள் எல்லாம் அதற்கேற்ற அகலத்தில் இருந்தனவாம். பிறகு ஸ்மார்ட்போன் வந்ததாம். உடனே டிசைனர்கள் மூளையைக் கசக்கி, திரைக்குத் தக்கபடி வளைந்து கொடுக்கும் தளங்களைக் கண்டுபிடித்தார்களாம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கதை தலைகீழ் மக்களே!

1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் போட்ட முதல் வலைப்பக்கத்தின் நகல் இன்னமும் செர்ன் தளத்தில் கிடைக்கிறது. கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, உலாவியின் ஜன்னலைக் கையகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். எழுத்தெல்லாம் மடங்கி மடங்கி உள்ளே அடங்கிவிடும். யாரும் அதற்காக ஒரு வரி கூடத் தனியாக எழுதவில்லை. ஹெச்.டி.எம்.எல்.லின் பிறவிக் குணமே அதுதான். வளைவது இயல்பாக இருந்தது. விறைப்பாக நிற்க வைத்தது நாம்தான்.

எப்படி? 1995-ல் நெட்ஸ்கேப் உலாவிக்கு டேபிள் வந்தது. கணக்கு வழக்குகளைக் கட்டம் போட்டுக் காட்டத்தான் டேபிள். அதை வைத்து முழுப் பக்கத்தையும் கட்டலாமே என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 1996-ல் டேவிட் சீகல் எழுதிய புத்தகம் அந்தக் கூட்டத்துக்கு வேதப் புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு பிக்சல் அகலம், ஒரு பிக்சல் உயரத்தில் கண்ணுக்கே தெரியாத ஜிஃப் படம் ஒன்றைச் செருகி, இழுத்து நீட்டி இடைவெளி உண்டாக்கும் வித்தையெல்லாம் அப்போது பிரபலமானதுதான். ஃபோட்டோஷாப்பில் அச்சுப் பத்திரிகை மாதிரி வரைவது, துண்டு துண்டாக வெட்டுவது, டேபிளில் ஒட்டுவது. இதற்குப் பெயர் வெப் டிசைன்!

800க்கு 600 திரை இருந்த காலத்தில் பக்கத்தின் அகலம் 760 பிக்சலுக்குப் பக்கம். 1024க்கு 768 வந்ததும் 960. அது ஏன் 960? 12-ஆலும் வகுபடும், 16-ஆலும் வகுபடும், பத்தி பிரிக்க வசதி. 2008-ல் அந்த எண்ணையே பெயராக வைத்து ஒரு கிரிட் சிஸ்டம் கூட வந்தது. கவனிக்க, வரைகிறவருக்கு வகுக்க வசதியான எண் அது. வாசிக்கிறவரின் திரை எவ்வளவு என்ற கேள்வி அதில் எங்குமே இல்லை. போதாக்குறைக்கு "இத்தளத்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் 1024க்கு 768ல் காண்க" என்று அடியில் ஒரு வரி. ஹோட்டல்காரர் "என் வாழை இலைக்கு ஏற்ற கையோடு வாருங்கள்" என்று போர்டு மாட்டின மாதிரி.

இதை யாரும் அன்று கண்டிக்கவில்லையா என்றால், கண்டித்தார்கள். 2000 ஏப்ரலிலேயே ஜான் ஆல்சப் 'ஏ லிஸ்ட் அபார்ட்' இதழில் எழுதினார்: அச்சில் இருக்கும் கட்டுப்பாட்டை வலையில் தேடாதீர்கள், வளைந்து கொடுப்பது வலையின் பலம் என்று. பெரும்பாலோர் தலையாட்டிவிட்டு மறுபடி ஃபோட்டோஷாப்பைத் திறந்தார்கள்.

2007-ல் ஐபோன் வந்தது. திரை 320 பிக்சல் அகலம். உலகம் முழுக்கத் தளங்கள் பெட்டிக்குள் இறுகிக் கிடந்ததால், ஆப்பிள் தன் சஃபாரி உலாவியைப் பொய் சொல்ல வைத்தது. "என் அகலம் 980 பிக்சல்" என்று பக்கத்திடம் சொல்லி விரித்து வாங்கிக்கொண்டு, பிறகு சுருக்கிக் காட்டும். பொய் வேண்டாம் என்றால் வ்யூபோர்ட் என்று ஒரு வரியைப் பக்கத்தின் தலையில் எழுத வேண்டும். அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? ஒழுங்காக மடங்கத் தெரிந்த அப்பாவிப் பழைய பக்கங்களும் அந்த வரி இல்லாத குற்றத்துக்காக எறும்பு எழுத்தாகிப் போயின. யாரோ செய்த பாவம், யார் தலையிலோ.

2010 மே மாதம் ஈதன் மார்காட் அதே இதழில் "ரெஸ்பான்ஸிவ் வெப் டிசைன்" எழுதினார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆல்சப்பை மேற்கோள் காட்டித்தான் கட்டுரையையே தொடங்கினார். அவர் சொன்ன கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு: 960-ல் 300 பிக்சல் பத்தி என்றால் 300-ஐ 960-ஆல் வகு, 31.25 சதவீதம் என்று எழுது. படங்கள் பெட்டியை மீறாமல் பார்த்துக்கொள். குறிப்பிட்ட அகலத்துக்குக் கீழே போனால் மீடியா க்வெரி வைத்து அடுக்கை மாற்று. அவ்வளவே. சதவீதமும் 1996-ன் முதல் சி.எஸ்.எஸ்.ஸிலேயே இருந்ததுதான்.

"அப்போதைய உலாவிகள் அப்படி, என்ன செய்வது?" என்பார்கள். கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எக்ஸ்ப்ளோரர் 6-க்கு அதிகபட்ச அகலம் என்றால் என்னவென்றே தெரியாது. மீடியா க்வெரி அந்தக் குடும்பத்துக்குப் புரிந்தது 2011-ல் வந்த 9-ஆம் பதிப்பில்தான். சரி, அதுவரை மன்னிக்கலாம். இப்போது? ஃப்ளெக்ஸ்பாக்ஸ் இருக்கிறது, 2017-ல் கிரிட் வந்தது, 2023-க்குள் கன்டெய்னர் க்வெரி எல்லா முக்கிய உலாவிகளிலும் வந்தாயிற்று. இன்னமும் என்ன சாக்கு?

என் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தான். லேப்டாப் கிடையாது, போன் மட்டும்தான். மூன்று பக்கம் நிரப்பினான். நான்காவது பக்கத்தில் "சமர்ப்பி" பட்டனைக் காணோம். அது திரைக்கு வலப்புறம் வெளியே எங்கோ இருந்தது, பக்கமோ பக்கவாட்டில் நகரவே இல்லை. கடைசி நாள் வேறு. இரவு ஒன்பது மணிக்கு பிரவுசிங் சென்டர் தேடி ஓடி, காசு கொடுத்து மறுபடி முதலிலிருந்து நிரப்பினான். தளத்தின் பெயர் வேண்டாம், அது ஒன்று மட்டுமா அப்படி? எனக்கு எரிச்சலூட்டியது, அதன் முகப்புப் பக்கம் போனில் அழகாக மடங்கியதுதான். ஸ்லைடு ஷோ எல்லாம் ஓடியது. பாராட்டு வாங்கும் பக்கத்துக்கு ரெஸ்பான்ஸிவ், பணம் வாங்கித் தரும் பக்கத்துக்கு 960.

"முக்கியமான வேலையைக் கம்ப்யூட்டரில் செய்யலாமே" என்று சொல்பவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும். "ஆப் போட்டுவிடலாம்" என்பது இன்னொரு தப்பித்தல். வருஷத்துக்கு ஒருமுறை நிரப்பும் படிவத்துக்கு ஒரு ஆப்பா? போனில் இடம் இல்லாமல் போட்டோக்களை அழித்துக்கொண்டிருப்பவனிடம் போய்ச் சொல்லுங்கள்.

கூகுள் 2015 ஏப்ரல் 21 முதல் மொபைல் தேடலில் போனுக்கு ஏற்ற பக்கங்களுக்கு முன்னுரிமை தந்தது. அதற்குப் பயந்து அவசரமாக மடக்கியவர்கள் செய்த வேலையும் இருக்கிறது. மெனுவில் பாதியைக் காணோம். விரலால் பெரிதாக்க முடியாதபடி பூட்டு. எங்கள் அம்மா கண்ணாடி இல்லாமல் படிக்க ஒரே வழி விரலால் விரிப்பதுதான், அதையும் பூட்டினால்? (2016-ல் ஐ.ஓ.எஸ். 10 இந்தப் பூட்டை மதிப்பதை நிறுத்தியது. புண்ணியமாகப் போகட்டும்.)

தமிழுக்கு இன்னும் ஒரு படி அதிகம் அடி. ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்து பிடிக்கும் பட்டனை அளந்து வைத்துவிட்டு, அதில் "விண்ணப்பிக்க" என்று திணிக்கிறார்கள். பாதி வெளியே தொங்குகிறது. வரி உயரத்தைப் பிக்சலில் கட்டிவிட்டதால் கொக்கியும் கொம்பும் வெட்டுப்படுகின்றன. அகலம் மட்டும் வளைந்தால் போதாது, உயரமும் எழுத்துக்கேற்ப வளர வேண்டும் என்பது பாடத்திட்டத்தில் எங்குமே வரவில்லை.

2018-ல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 ஒரு எண் தருகிறது: 320 பிக்சல் அகலத்தில், பக்கவாட்டில் நகர்த்தாமல் எல்லாம் படிக்க முடிய வேண்டும். அடுத்த வாரம் ப்ராஜெக்ட் ரிவ்யூ. எல்லாரும் புரொஜெக்டரில் லேப்டாப்பைத்தான் காட்டுவீர்கள் என்று தெரியும். நான் கடைசி பெஞ்சிலிருந்து கை தூக்கி, 320-க்குச் சுருக்கச் சொல்வேன். முகப்புப் பக்கத்தை அல்ல, கடைசிப் படிவத்தை. இப்போதே சொல்லிவிட்டேன், அப்புறம் முறைக்கக் கூடாது :)