வரவேற்பறைக்குள் ஒரு கடல்

கடல்மீன் வளர்ப்பது இயற்கையை நேசிக்கக் கற்பிக்கிறது என்பது அதன் ஆதரவாளர்கள் தவறாமல் முன்வைக்கும் வாதம். கடற்கரையிலிருந்து வெகுதொலைவிலுள்ள எங்கள் சேலம், நாமக்கல் சமவெளியில் வைத்துப் பார்த்தால் இவ்வாதத்தின் பொய்ம்மை எளிதில் விளங்கும்.

பெரிய சர்ஜன் மீனையே எடுத்துக்கொள்வோம். வாலடியில் இருபுறமும் கத்தி போன்ற முள் இருப்பதால் வந்த பெயர் அது. பவளப்பாறைகளினூடே பகலெல்லாம் நீந்திப் பாசி மேய்வதே அதன் வாழ்க்கை. மஞ்சள்துடுப்பு இனம் அரை மீட்டரையும் தாண்டி வளரும். சில இனங்கள் முப்பதாண்டுகளுக்கு மேல் வாழும். உள்ளங்கையளவுக் குஞ்சை வாங்குபவர் இவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 35 கிலோ வேண்டும்; அதற்குச் சமையலுப்பு உதவாது. எங்கள் ஊரின் உவர்ப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரை முதலில் ஆர்.ஓ.வில் சுத்திகரிக்க வேண்டும். குடங்கள் வரிசையில் காத்திருக்கும் தெருவில், அதன் கழிவுநீர் சாக்கடைக்குப் போகும். கோடையில் நீரைக் குளிர்விக்கத் தனி இயந்திரம், மின்தடைக்கு மாற்று ஏற்பாடு. இத்தனைக்குப் பிறகும் அந்த மீன் கண்ணாடியை முட்டித் திரும்பிக்கொண்டேதான் இருக்கும்.

பண்ணையில் வளர்த்ததை வாங்கலாமே என்பார்கள். 'ஃபைண்டிங் நீமோ' படத்தால் புகழ்பெற்ற நீல இனத்தையே 2016-இல்தான் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதன்முதலாக முட்டையிலிருந்து வளர்த்தெடுத்தனர். பெரிய இனங்கள் இன்றும் பாறைகளிலிருந்து பிடிக்கப்படுபவையே. மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 1998, 2010, 2016 ஆண்டுகளின் வெப்பத்தில் வெளுத்தன. இறந்த பவளத்தைப் பாசி மூடும்போது, அதை மேய்ந்து புதுப் பவளம் ஒட்டிக்கொள்ள இடம் அமைத்துத் தருபவை இத்தகைய மீன்கள். பாறைக்கு அவை மிகத் தேவைப்படும் காலத்தில் நாம் அவற்றை அலங்காரப் பொருளாக்குகிறோம்.

கூண்டுக்கோழியால் பிழைக்கும் நாமக்கல்லுக்கு மீனுக்காக அழ உரிமையுண்டா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், கூண்டுக்கோழியைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். ஆனால் கோழிப்பண்ணைக்காரர் தம் தொழிலை இயற்கைநேசம் என்று சொல்லிக்கொள்வதில்லை, முட்டை வியாபாரம் என்றே சொல்கிறார். தொட்டிக்காரரிடம் அந்த நேர்மைகூட இல்லை.

பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டுமா? ராமேசுவரம் அழைத்துச் செல்லுங்கள். பேருந்துக் கட்டணம் முதல் மூட்டை உப்பின் விலையைவிடக் குறைவு.